கண்ணாடி விரியனுக்குப் பெயர் தந்த டாக்டர்

மார்கழி மாதம். சேலம், நாமக்கல் பக்கத்து மேட்டாங்காடுகளில் பொழுது விடிந்து வெகு நேரம் வரை குளிர் போகாது. சேந்தமங்கலம், ராசிபுரம் வட்டாரத்தில் கொல்லிமலைக் காற்று வேறு வந்து உடம்பைக் குத்தும்.

அந்த நேரத்தில் வரப்பு ஓரத்தில், வெயில் விழும் இடமாகப் பார்த்து ஒரு தடித்த பாம்பு சுருண்டு கிடக்கும். முதுகில் சங்கிலி கோத்தது போல வட்ட வட்டமான புள்ளிகள் இருக்கும். சருகுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. மனிதன் கிட்டே போனால் மற்றப் பாம்புகளைப் போல ஓடாது. கொல்லன் துருத்தியை ஊதுவது போலச் சீறும். சீறுவதைக் கேட்டு நின்றவன் பிழைத்தான்.

அதுதான் கண்ணாடி விரியன்.

உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் இந்தப் பாம்பை ஒரு டாக்டரின் பெயரால் அழைக்கிறார்கள். ரஸ்ஸல் விரியன் என்று அதற்குப் பெயர்.

பாட்ரிக் ரஸ்ஸல் இந்தப் பாம்பைக் கண்டுபிடித்தவர் அல்ல. அவர் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே நம் குடியானவர்களுக்கு அதைத் தெரியும். ஆனால் எந்தப் பாம்பு விஷமுள்ளது, எந்தப் பாம்பு சாது என்பதைச் சோதித்துப் பார்த்து, வண்ணப் படங்களுடன் முதன் முதலில் பெரிய புத்தகமாகக் கொண்டுவந்தவர் அவர்தான். இந்தியப் பாம்பு ஆராய்ச்சியின் தந்தை என்று அவரைச் சொல்லுகிறார்கள்.

இவ்வளவுக்கும் அவர் பிறந்த நாட்டில் பாம்பைப் பார்ப்பதே அபூர்வம்!

பனி நாட்டில் பிறந்தவர்

ஸ்காட்லாந்து நாட்டின் தலைநகரம் எடின்பரோ. அங்கே 1726-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி ரஸ்ஸல் பிறந்தார். தந்தை ஜான் ரஸ்ஸல் பெயர் பெற்ற வக்கீல். அவருக்கு மூன்று தாரம். பாட்ரிக், மூன்றாவது மனைவி மேரியின் மகன்.

ஸ்காட்லாந்தில் விரியன் இனத்தைச் சேர்ந்த ஒரு பாம்பு உண்டு. பனிக்காலம் வந்ததும் அது வளைக்குள் புகுந்துகொள்ளும். மாதக்கணக்கில் அப்படியே மரத்துப்போய்க் கிடக்கும். வசந்த காலத்துச் சூரியன் வந்த பிறகுதான் வெளியே தலை நீட்டும். வருடத்தில் ஏறக்குறைய பாதிக் காலம் தூக்கம்தான்.

நம் ஊர் விரியனுக்கு அந்தத் தூக்கம் கிடையாது. இங்கே பன்னிரண்டு மாதமும் வெயில் இருக்கிறது. பன்னிரண்டு மாதமும் பாம்பும் நடமாடுகிறது. ரஸ்ஸலின் வாழ்க்கை, அந்தத் தூங்கும் பாம்பு உள்ள நாட்டில் ஆரம்பித்து, தூங்காத பாம்பு உள்ள நாட்டுக்கு வந்து சேர்ந்தது. நடுவில் முப்பது வருடம் ஓடியது.

அலெப்போவில் பிளேக்

எடின்பரோவில் வைத்தியம் படித்து 1750-ம் ஆண்டு பாட்ரிக் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அவருடைய அண்ணன் அலெக்சாண்டர் ரஸ்ஸல், சிரியா நாட்டில் உள்ள அலெப்போ நகரத்தில் டாக்டராக இருந்தார். அண்ணன் என்றால் தந்தையின் மற்றொரு தாரத்து மகன். ஆனாலும் தம்பி மீது பாசம் அதிகம். தம்பியைத் தன்னிடம் வரவழைத்துக் கொண்டார்.

அண்ணன் 1753-ல் ஊர் திரும்பியதும் அந்த வேலை தம்பிக்குக் கிடைத்தது. அலெப்போவில் இருந்த ஆங்கில வியாபாரிகளுக்கு வைத்தியம் பார்க்கவேண்டும். அதுதான் வேலை.

1760-ம் ஆண்டு அந்த ஊரில் பிளேக் வந்தது. மூன்று வருடம் விடவில்லை. வசதி உள்ளவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ரஸ்ஸல் ஊரைவிட்டு ஓடவில்லை. நோய் எப்படி வருகிறது, யாரிடமிருந்து யாருக்குத் தொற்றுகிறது, எந்தப் பருவத்தில் கூடுகிறது, எப்போது தணிகிறது என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார். அந்தக் குறிப்புகள் பின்னால் 1791-ல் பெரிய புத்தகமாக வெளிவந்தன.

அலெப்போ நகரத்துப் பாஷா அவரிடம் மிகுந்த மரியாதை வைத்திருந்தார். தலைப்பாகை கட்டிக்கொள்ளும் உரிமையை ரஸ்ஸலுக்கு அளித்தார். வெளிநாட்டானுக்கு அந்தக் காலத்தில் அது பெரிய கௌரவம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். பின்னால் பாம்பு ஆராய்ச்சியில் அவருக்குக் கைகொடுத்தது இந்தப் பழக்கம்தான். கேள்விப்பட்டதை நம்பாதே, கண்ணால் பார், பார்த்ததை அன்றைக்கே எழுதிவை. பிளேக் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

1772-ல் அவர் இங்கிலாந்து திரும்பினார். லண்டனில் தொழில் நடத்தினார். 1777-ல் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானக் கழகத்தில் அங்கத்தினர் ஆனார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இனி நிம்மதியாக உட்கார்ந்து புத்தகம் எழுதவேண்டியதுதான் என்று யாரும் நினைப்பார்கள்.

விசாகப்பட்டினத்துக்குக் கப்பல்

அவருடைய தம்பி கிளாட் ரஸ்ஸல், கிழக்கிந்தியக் கம்பெனியில் அதிகாரி. அவருக்கு விசாகப்பட்டினத்தில் தலைமை உத்தியோகம் கிடைத்தது. விசாகப்பட்டினம் அப்போது சென்னை ராஜதானியில் சேர்ந்தது. தம்பிக்கு உடல் நலம் போதாது. அவருக்குத் துணையாக அண்ணன் பாட்ரிக் 1781-ல் கப்பல் ஏறினார்.

சம்பளம் இல்லை, உத்தியோகம் இல்லை. கடற்கரையில் செடி கொடிகளைச் சேகரித்துக்கொண்டு காலம் கழித்தார்.

அந்தச் சமயத்தில் கம்பெனியின் இயற்கை ஆராய்ச்சியாளராக இருந்தவர் கோனிக் என்பவர். தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்து, தென்னிந்தியச் செடிகளை எல்லாம் ஆராய்ந்தவர். அவர் 1785-ல் இறந்துபோனார். அந்த இடத்துக்கு ரஸ்ஸலை நியமித்தார்கள்.

செடிகளை ஆராயத்தான் நியமித்தார்கள். ஆனால் கம்பெனிக்கு வேறொரு தலைவலி இருந்தது. பாம்புக்கடி! வயலில் வேலை செய்கிறவர்கள், ராத்திரிக் காவல் நிற்கிற சிப்பாய்கள், வீட்டில் தூங்குகிறவர்கள் எல்லோரும் கடிபட்டார்கள். கடித்தது என்ன பாம்பு என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொன்னார்கள். ஒரே பாம்புக்கு ஊருக்கு ஒரு பெயர். ஒரே பெயரில் ஊருக்கு ஒரு பாம்பு.

சேலம், நாமக்கல் சீமை அப்போது கம்பெனியின் கையில் இல்லை. மைசூர் திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்தது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கைக்குப் பிறகுதான் கம்பெனியிடம் வந்தது. அதற்குள் ரஸ்ஸல் இந்தியாவை விட்டுப் போய்விட்டார். அவர் வேலை செய்தது கடலோரத்தில். ஆனால் அவர் படம் போட்ட கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் கட்டு விரியனும் நம் காட்டில் திரிகிற அதே பாம்புகள்தான்.

வாயைத் திறந்து பார்த்தார்

பாம்பு கொண்டுவந்தால் பார்க்கத் தயார் என்று ரஸ்ஸல் சொல்லிவைத்தார். பாம்பு பிடிக்கிறவர்கள் சட்டியிலும் கூடையிலும் கொண்டுவந்தார்கள். வேறு ஊர்களில் இருந்த டாக்டர்களும் அனுப்பி வைத்தார்கள்.

விஷப்பாம்பை வெளித் தோற்றத்தைக் கொண்டே கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறதா என்று அவர் தேடினார். தலை அகலமாக இருந்தால் விஷமா? வால் குட்டையாக இருந்தால் விஷமா? நிறத்தில் தெரியுமா? செதிலை எண்ணினால் தெரியுமா?

எதுவும் எல்லாப் பாம்புக்கும் பொருந்தவில்லை. நல்ல பாம்பின் தலை படமெடுக்காத நேரத்தில் சாரைப் பாம்பின் தலையைப் போலத்தான் இருக்கும். கட்டு விரியனைப் பார்த்தால் மெல்லிய, அழகான, சாதுவான பாம்பு என்றே தோன்றும். இன்றைக்கும் அதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

நம்பத்தக்க அடையாளம் ஒன்றே ஒன்றுதான். வாயைத் திறந்து பார்க்கவேண்டும். மேல் தாடையில் விஷப்பல் இருக்கிறதா? அதன் அடியில் விஷப்பை இருக்கிறதா? உயிருள்ள பாம்பின் வாயைத் திறந்து பார்ப்பது எப்படிப்பட்ட வேலை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதோடு விடவில்லை. பாம்புகளைக் கோழியையும் நாயையும் கடிக்க விட்டார். எத்தனை நிமிடத்தில் தள்ளாடுகிறது, எப்போது விழுகிறது, எப்போது உயிர் போகிறது என்று எழுதினார். இன்று கேட்டால் மனசு சங்கடப்படும். விஷத்தை அளக்க அந்தக் காலத்தில் வேறு கருவி கிடையாது.

கடைசியில் தெரிந்த உண்மை என்ன? அவரிடம் வந்த பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. கொஞ்சம் வகைகள்தான் ஆளைக் கொல்லக்கூடியவை. அந்தச் சில வகைக்காக எல்லாப் பாம்பையும் அடித்துக்கொண்டிருந்தார்கள் ஜனங்கள். விஷப்பாம்புகளை அடையாளம் காண ஒரு சிறு குறிப்பு எழுதினார் ரஸ்ஸல். 1787-ல் சென்னை சர்க்கார் அதை அச்சிட்டு வெளியிட்டது.

தஞ்சாவூர் மாத்திரை

பாம்புக்கடிக்குக் கைகண்ட மருந்து என்று அப்போது தமிழ்நாட்டில் ஒன்று பிரசித்தி பெற்றிருந்தது. தஞ்சாவூர் மாத்திரை என்று அதற்குப் பெயர். வெள்ளைப் பாஷாணம், பாதரசம், மிளகு முதலிய சரக்குகளைச் சேர்த்து அரைத்து உருட்டிய மாத்திரை அது. வெள்ளைக்காரர்களும் அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

ரஸ்ஸல் அதையும் சோதித்துப் பார்த்தார். கடிபட்ட பிராணிகளுக்குக் கொடுத்தார். உயிரை ஒப்படைக்கத்தக்க மருந்து என்று அது தேறவில்லை. பாஷாணம் என்பதோ தானே ஒரு விஷம்.

பிறகு ஏன் அந்த மாத்திரைக்கு அவ்வளவு பெயர்? விஷயம் எளிது. கடிக்கிற பாம்புகளில் பாதிக்கு மேல் விஷமில்லாதவை. விஷப்பாம்பு கடித்தாலும் சில சமயம் பல் மட்டும் பதியும், விஷம் இறங்காது. இப்படிப்பட்டவர்கள் எதைச் சாப்பிட்டாலும் பிழைப்பார்கள். மாத்திரை சாப்பிட்டால் மாத்திரைக்குப் பெயர். மந்திரித்தால் மந்திரவாதிக்குப் பெயர். செத்தவனுக்கு விதி முடிந்தது என்று சொல்லிவிடுவார்கள்.

மையிட்ட பாம்பு

விசாகப்பட்டினத்து மக்கள் ஒரு பாம்பை ரஸ்ஸலிடம் கொண்டுவந்து, தெலுங்கில் காட்டுக ரேக்குல பொட என்று சொன்னார்கள். காட்டுக என்றால் கண்மை. அந்தப் பாம்பின் முதுகுப் புள்ளிகளைச் சுற்றி மை தீட்டியது போலக் கறுப்பு வளையம் இருக்கும். தெலுங்கர்கள் மையைப் பார்த்தார்கள். நம்மவர்கள் அதே புள்ளியைக் கண்ணாடிச் சில்லாகப் பார்த்தார்கள்.

கண்ணாடி விரியன்தான் அது. நல்ல பாம்புக்கு அடுத்தபடியாக உயிரைக் குடிக்கிற பாம்பு இதுதான் என்று ரஸ்ஸல் எழுதி வைத்தார்.

1789-ல் அவர் ஊர் திரும்பினார். 1796-ல் புத்தகம் வெளிவந்தது. சோழமண்டலக் கரையில் சேகரித்த பாம்புகள் என்பது அதன் விஷயம். நாற்பதுக்கு மேற்பட்ட வண்ணப் படங்கள். கம்பெனியே செலவு செய்தது. பாம்புகளுக்கு லத்தீன் பெயர் எதையும் அவர் சூட்டவில்லை. ஜனங்கள் சொன்ன தெலுங்குப் பெயர்களையே தலைப்பாகப் போட்டார். அவருடைய பெருந்தன்மை அது.

மறு வருடம், 1797-ல், லண்டன் மியூசியத்தில் இருந்த ஜார்ஜ் ஷா என்பவர் கண்ணாடி விரியனுக்கு ரஸ்ஸலின் பெயரை வைத்தார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

உடம்பில் அடுப்பு இல்லை

இந்த இடத்தில் ரஸ்ஸலைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, பாம்பைப் பார்ப்போம். மார்கழி வெயிலில் வரப்பில் ஏன் கிடக்கிறது அது?

நம் உடம்புக்குள் ஓர் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. சாப்பிடும் சோறுதான் விறகு. வெளியே குளிர் அடித்தாலும் வெயில் அடித்தாலும் உடம்புச் சூடு 37 டிகிரியில் நிற்கும். கோழிக்கும் மாட்டுக்கும் எலிக்கும் இப்படியே ஓர் அடுப்பு உண்டு.

பாம்புக்கு அந்த அடுப்பு இல்லை. அதன் ரத்தம் எப்போதும் குளிர்ந்திருக்கும் என்று சொல்லுவது சரியல்ல. வெயிலில் கிடந்த பாம்பின் உடம்பு நம் உடம்பைப் போலவே சூடாக இருக்கும். சூட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது என்பதுதான் விஷயம். சூரியனிடம் வாங்கும். சூடேறிய மண்ணிடம் வாங்கும். கல்லிடம் வாங்கும். ராத்திரியில் தார் ரோடு பகல் வெயிலை வைத்துக்கொண்டு சூடாக இருக்கும். அதன் மேல் வந்து படுத்து லாரியில் நசுங்கிப்போகும் பாம்புகளைப் பார்த்திருப்பீர்கள்.

இதில் பாம்புக்கு ஒரு லாபம் உண்டு. அடுப்பு இல்லாததால் விறகுச் செலவு இல்லை. அதே எடையுள்ள எலியோ பூனையோ தின்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதற்குப் போதும். ஒரு பெரிய எலியை விழுங்கினால் விரியன் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும்.

நஷ்டமும் உண்டு. குளிர்ந்தால் உடம்பு ஓடாது. விழுங்கிய இரை ஜீரணமாகாது. அதனால்தான் குளிர் காலத்தில் காலையில் வெயில் தேடி வருகிறது. உடம்பைத் தட்டையாக்கி மண்ணோடு அழுத்திக்கொள்ளும். ஏறக்குறைய 30 டிகிரி சூடு ஏறியதும் சுறுசுறுப்பு வந்துவிடும். குளிரில் கிடக்கும் விரியன் மந்தமாக இருக்கிறது என்று நினைத்து அதைக் குச்சியால் தள்ளிப் பார்க்கக்கூடாது. நகர்வதில்தான் அது மந்தம். கடிப்பதில் மந்தம் கிடையாது.

சித்திரை, வைகாசி வந்தால் கதை மாறும். சேலம் வெயிலைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டாம். நிழலில் 40 டிகிரி என்றால் மொட்டை மண் அதைவிட மிகவும் கொதிக்கும். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் பாம்புக்கு ஆபத்து. அந்த மண்ணில் நடுப்பகலில் கிடந்தால் சிறிது நேரத்தில் செத்துப்போகும். அதனால் பகல் முழுவதும் எலி வளை, கறையான் புற்று, வைக்கோல் போர், விறகுக் குவியல், கற்றாழை வேலி என்று குளிர்ச்சியான இடத்தில் ஒளிந்துகொள்ளும். பொழுது சாய்ந்த பிறகு புறப்படும்.

ஆகவே, பனிக்காலத்தில் காலை வெயிலில் பாம்பு. கோடைக்காலத்தில் அந்தியிலும் இரவிலும் பாம்பு. தண்ணீர் கட்டப் போகிறவர்கள், கடலைக் கொடி பிடுங்குகிறவர்கள், மரவள்ளிக் காட்டில் களை எடுக்கிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது. நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணைகள் அதிகம். தீவனத்துக்கு எலி வரும். எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

தாய்ப் பாம்பின் சூடு

கண்ணாடி விரியன் முட்டை இடாது. குட்டி போடும். ஒரே ஈற்றில் இருபது, முப்பது குட்டிகள்கூடப் பிறக்கும். முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிகின்றன. தாய் வெயிலில் படுத்தால் வயிற்றுக் குட்டிகளுக்கும் சூடு கிடைக்கிறது. நடமாடும் அடைகாப்பு என்று சொல்லலாம்.

மலைப்பாம்பு அதைவிட ஆச்சரியம். அது முட்டையிட்டு, முட்டைகளைச் சுற்றி வளைந்து படுத்துக்கொள்ளும். குளிர் அடித்தால் உடம்புச் சதையை விட்டு விட்டு உதறும். நாம் குளிரில் நடுங்குவது போலத்தான். அந்த நடுக்கத்தால் உடம்பு சில டிகிரி சூடாகிறது. அடுப்பில்லாத பாம்பு இனத்தில் பிள்ளைக்காக அடுப்பு மூட்டும் தாய்! பாரிஸ் நகரத்து மிருகக்காட்சி சாலையில் 1841-ம் ஆண்டு இதை அளந்து பார்த்தார்கள்.

டாக்டரின் கடைசிப் புதிர்

லண்டனில் ரஸ்ஸலுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இரண்டாவது பாம்புப் புத்தகத்தை 1801 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். அண்ணன் எழுதிய அலெப்போ புத்தகத்தையும் திருத்திப் பெரிதாக்கி 1794-ல் மறுபடி பதிப்பித்தார். தென்னிந்தியச் செடிகளைப் பற்றி ராக்ஸ்பரோ எழுதிய பெரும் புத்தகத்துக்கு முன்னுரையும் எழுதிக் கொடுத்தார்.

இருந்தாலும் பாம்பு அவரை விடவில்லை. சில விஷப்பாம்புகளின் முகத்தில், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே, இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழி இருப்பதை அவர் கவனித்தார். நல்ல பாம்புக்கு அந்தக் குழி கிடையாது. கட்டு விரியனுக்குக் கிடையாது. அவர் பெயர் தாங்கிய கண்ணாடி விரியனுக்கும் கிடையாது. இன்னொரு வகை விரியனுக்குத்தான் உண்டு.

அதில் ஒன்று மூங்கில் குழிவிரியன். பச்சை நிறமாக, மூங்கில் புதரிலும் செடியிலும் தொங்கிக்கொண்டிருக்கும். போத்ரு பாம் என்ற பெயரில் ரஸ்ஸல் தன் முதல் புத்தகத்திலேயே அதற்குப் படம் போட்டிருந்தார். விஞ்ஞானிகள் அந்தப் பாம்புக்குப் பெயர் வைத்ததே அந்தப் படத்தைப் பார்த்துத்தான். கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் அது உண்டு.

அந்தக் குழி எதற்கு? காதா? இரண்டாவது மூக்கா? எவர்டு ஹோம் என்ற டாக்டர் அறுத்துப் பார்த்தார். குழி மூக்கோடு சேரவில்லை. எங்கும் போகாமல் அப்படியே முடிந்துவிட்டது. இருவரும் சேர்ந்து 1804-ல் ராயல் சொசைட்டியில் கட்டுரை வெளியிட்டார்கள். குழியைப் பற்றி எழுதினார்கள். அதன் வேலை என்ன என்பது மட்டும் பிடிபடவில்லை.

மறு வருடம், 1805-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி, ரஸ்ஸல் லண்டனில் காலமானார். மூன்றே நாள் நோய். பாம்புப் புத்தகத்தின் மிச்சப் பகுதிகள் அவர் இறந்த பிறகு 1807-லும் 1809-லும் வெளிவந்தன.

புதிர் அவிழ்ந்தது

விடை கிடைக்க நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1937-ல் அமெரிக்காவில் நோபிள், ஷ்மிட் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். குழி உள்ள பாம்பின் கண்ணை மறைத்தார்கள். வாசனையும் தெரியாதபடி செய்தார்கள். பிறகு துணி சுற்றிய இரண்டு மின்சார பல்புகளை அதன் முன்னால் காட்டினார்கள். ஒன்று சூடானது. ஒன்று சூடில்லாதது.

பாம்பு சூடான பல்பைக் குறிதவறாமல் கொத்தியது!

அந்தக் குழி, சூட்டைப் பார்க்கிற கண். இருட்டில் எலி ஓடினால் எலியின் உடம்புச் சூடு குழியில் படுகிறது. குழிக்குள் காகிதத்தைவிட மெல்லிய ஒரு சவ்வு இருக்கிறது. அதில் நரம்புகள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. 0.003 டிகிரி வித்தியாசம் ஏற்பட்டாலும் நரம்பு அறிந்துகொள்ளும் என்று பின்னால் வந்த விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். தனக்கென்று அடுப்பில்லாத பாம்பு, அடுத்தவன் அடுப்பை வைத்து இரை தேடுகிறது.

2010-ல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழுவினர் அந்த நரம்பில் சூட்டை அறியும் பொருள் எது என்றும் கண்டுபிடித்தார்கள். அது ஒரு புரதம். நம் உடம்பிலும் உண்டு. கடுகின் காரம் சுரீர் என்று உறைக்கிறதே, அதை நமக்குத் தெரிவிப்பது அந்தப் புரதம்தான். மிளகாய்க் காரத்தையும் சூட்டையும் உடம்பு எப்படி ஒரே மாதிரி உணர்கிறது என்பதைக் கண்டறிந்ததற்காக ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது.

டாக்டர் தேடிய மருந்து

ரஸ்ஸல் தேடி நாயிலும் கோழியிலும் சோதித்தாரே, அந்தக் கடி மருந்தும் அவர் காலத்துக்குப் பின்னால்தான் வந்தது. 1890-களில் பிரெஞ்சு டாக்டர் கால்மெட் விஷமுறிவு மருந்தை உண்டாக்கினார். குதிரைக்கு விஷத்தைச் சிறிது சிறிதாக ஊசி போட்டால் அதன் ரத்தத்தில் விஷத்தை எதிர்க்கும் சத்து உண்டாகும். அதைப் பிரித்து எடுத்தால் மருந்து.

இந்தியாவில் தயாராகும் மருந்து நான்கு பாம்புகளின் விஷத்தை முறிக்கும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அந்த விஷத்தில் பெரும் பங்கு நம் தமிழ்நாட்டிலிருந்து போகிறது. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. 1978-ல் ஆரம்பித்த சங்கம். பாம்பைப் பிடித்து, விஷத்தைக் கறந்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. ரஸ்ஸலுக்குக் கூடையில் பாம்பு கொண்டுவந்து கொடுத்தவர்களின் பெயர்களை எந்தப் புத்தகமும் தலைப்பில் போடவில்லை.

கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தைக் கெடுக்கும். கடித்த இடம் வீங்கும். பல் ஈறிலும் காயத்திலும் ரத்தம் உறையாமல் ஒழுகும். சிறுநீரகம் பழுதாகும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, சூடு வைப்பது எல்லாம் கெடுதலையே செய்யும். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொண்டு, நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

2000 முதல் 2019 வரை இருபது வருடத்தில் இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் கிராமத்து மக்கள். தமிழ்நாடு அரசு 2024-ல், பாம்புக்கடி நேர்ந்தால் ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்கவேண்டும் என்று அறிவித்தது. யாரை, எங்கே, எத்தனை முறை பாம்பு கடிக்கிறது என்ற கணக்கு வேண்டும் என்பதற்காகத்தான். பிளேக் ஊரில் ரஸ்ஸல் எழுதிவைத்ததும் அதே மாதிரியான கணக்குத்தான்.

இன்னொரு விந்தையும் உண்டு. 1934-ல் லண்டனில் மாக்பர்லேன், பார்னெட் என்ற டாக்டர்கள் கண்ணாடி விரியன் விஷத்தை மிகவும் நீர்க்கச் செய்து, காயம் பட்டால் ரத்தம் நிற்காத நோயாளிகளின் காயத்தில் வைத்தார்கள். ரத்தம் உறைந்து நின்றது. இன்றும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் ஒரு சோதனைக்கு அந்த விஷம் பயன்படுகிறது. அந்தச் சோதனையின் பெயரிலும் ரஸ்ஸல் இருக்கிறார்.

விசாகப்பட்டினத்தில் அவர் உலர்த்தி எடுத்த பாம்புத் தோல்கள் பல, லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தில் இப்போதும் பத்திரமாக இருக்கின்றன. எந்தப் பாம்பின் பெயரிலாவது சந்தேகம் வந்தால் விஞ்ஞானிகள் அந்தத் தோல்களை எடுத்துப் பார்க்கிறார்கள்.